உள்ளிருந்து திறக்காத கதவு

என் கணவர் அந்தக் காரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று என்னை முன்னிருக்கையில் உட்காரவைத்துவிட்டுத் தான் மட்டும் இறங்கிக்கொண்டார். கதவுகளைச் சாத்தினார். கண்ணாடிக்கு வெளியே நின்று சிரித்தபடி சாவியில் இருந்த பொத்தானை அடுத்தடுத்து இரண்டு முறை அமுக்கினார். கதவுக்குள் ஏதோ ஒன்று நகர்ந்து விழுந்த மாதிரிச் சத்தம் கேட்டது.

"இப்பத் தொறந்து பாரு புள்ள," என்றார்.

கைப்பிடியை இழுத்தேன். அது எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. கதவு அசையவில்லை. மறுபடி இழுத்தேன். பயம் வந்துவிட்டது. கண்ணாடியைத் தட்டினேன். உடனே திறந்துவிட்டார்.

"இதுக்குப் பேரு டபுள் லாக்கு. ஒருக்கா அமுக்குனா சாதாரணப் பூட்டு. ரெண்டுவாட்டி அமுக்குனா, கைப்புடிக்கும் பூட்டுக்கும் நடுவுல இருக்கற தொடுப்ப மோட்டாரு கழட்டி உட்ரும். திருடன் கண்ணாடிய ஒடச்சு உள்ளார கைய உட்டாலும் கதவு தொறக்காது."

"உள்ளார ஆளு இருந்தா?"

"ஆளு இருக்கறப்ப எவன் பூட்டப் போறான்?"

பெங்களூரில் யாரோ வைத்திருந்து விற்ற பழைய கார் அது. ஏதோ ஐரோப்பாக் கம்பெனியின் வண்டி. ஆழ்குழாய்க் கிணறு தோண்டத் திருச்செங்கோட்டில் இருந்து வடக்கே போகும் போர் வண்டிகள் இரண்டுக்கு அவர் மேனேஜராக இருந்தார். மாதக்கணக்கில் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று புழுதியிலேயே கிடப்பார். ஆடிக்கும் பொங்கலுக்கும் வருவார். வந்தால் அந்தக் காரில்தான் எங்களுக்கு ஊர்சுற்றல். முன்னால் அவருக்குப் பக்கத்தில் மாமா, அதாவது என் மாமனார். பின்னால் நான். சேலத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போவோம். பவானிக்குப் போவோம். போக இடம் ஒன்றும் இல்லாவிட்டால் சங்ககிரி வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். எங்களுக்குக் குழந்தை இல்லை. வண்டிக்குள் மூன்று பேர்தான் எப்போதும்.

அவர் சத்தீஸ்கரில் இறந்தார். காலையில் பல் விளக்கிக்கொண்டே வந்தவர் அடுக்கியிருந்த குழாய்களின் மேல் உட்கார்ந்தாராம். மாரடைப்பு. அங்கிருந்து ஆம்புலன்சில் ஊர் ஊராகக் கடந்து வந்து சேர்ந்தார்.

மாமாவுக்கு அதற்கு முந்தைய வருடமே மறதி தொடங்கியிருந்தது. காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவில் இருக்காது. மகனுடைய சாவுக்கு அவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய் நிறுத்தினார்கள். செய்யச் சொன்னதையெல்லாம் செய்தார். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்:

"யாரூட்டு எழவு அம்மிணி இது? இத்தன ஒறம்பரை வந்திருக்குதே."

முதலில் ஒவ்வொரு தடவையும் உண்மையைத்தான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவர் அதை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார். மார்பில் அடித்துக்கொண்டார். தரையில் உட்கார்ந்து அழுதார். கொஞ்ச நேரத்தில் எழுந்து முகம் கழுவிக்கொண்டு, "பையன் போன் பண்ணுனானா?" என்பார். எதிர்வீட்டு அக்காதான் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. நான் வேலைக்குப் போகும்போது மாமாவைப் பார்த்துக்கொள்பவரும் அவர்தான்.

"அந்த மனுசன எத்தனவாட்டித்தான் கொல்லுவே? வாரான்னு சொல்லிப்போடு. என்ன கொறஞ்சு போகுது?"

அன்றிலிருந்து, "வந்துருவாருங்க மாமா. வேலை முடியலியாம்," என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அப்படிச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் நிற்பேன். உண்மையைச் சொன்ன நாட்களில் அவரோடு சேர்ந்து அழ எனக்கும் ஒரு நேரமாவது கிடைத்தது. பொய் சொல்ல ஆரம்பித்த பிறகு வீட்டில் நான் ஒருத்திதான் அழுதேன். அதையும் சத்தமில்லாமல் அழவேண்டியிருந்தது.

கார் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நின்றது. எனக்கு ஓட்டத் தெரியாது. விற்கவும் மனம் வரவில்லை. மத்தியானம் சாப்பிட்டானதும் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போவார். தன்னுடைய இடமான இடதுபக்க முன்னிருக்கையில் உட்கார்ந்து, காலை மட்டும் வெளியே விட்டபடி, கதவைத் திறந்தே வைத்திருப்பார். மகன் வந்து எடுப்பான் என்று காத்திருப்பார். அங்கே இருக்கும் வரை என்னிடம் எதுவும் கேட்கமாட்டார். அதனால் நான் கதவுகளைப் பூட்டுவதே இல்லை. சாவியை மட்டும் பிரிட்ஜுக்கு மேலே போட்டிருந்தேன். கல்லூரி அலுவலகத்தில் வேலை முடிந்து நான் வரும்போது வெயில் சாய்ந்திருக்கும். "வாங்க மாமா, காப்பி குடிக்கலாம்," என்றால் எழுந்து வருவார். இடுப்பு எலும்பு உடைந்து உள்ளே கம்பி வைத்திருப்பதால் அவரால் சட்டென்று எழ முடியாது. கதவைப் பிடித்து, என் தோளைப் பிடித்து, ஒரு நீளப் பெருமூச்சு விட்டு எழுவார்.

அன்று சனிக்கிழமை. அரைநாள் வேலை. சித்திரை வெயில். பேருந்தை விட்டு இறங்கி எங்கள் சந்துக்குள் நுழையும்போது தறிகள் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தத்துக்குள் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. நான் வீட்டு வாசலுக்கு வந்த நேரத்தில் கரண்ட் போனது. தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

அந்த அமைதியில்தான் கொட்டகையில் இருந்து சத்தம் வந்தது. டப், டப் என்று. கொஞ்சம் இடைவெளி. மறுபடி டப்.

எதிர்வீட்டு அக்காவும் அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்தார். "இப்பத்தான் சாமி எட்டிப் பாத்தேன், கட்டல்ல படுத்திருந்தாரு," என்றார். இரண்டு பேரும் ஓடினோம்.

கார்க் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. மாமா உள்ளே அவருடைய இடத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிவந்து வேர்த்து ஊற்றியது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்தினார். அவருடைய இன்னொரு கையில், பிரிட்ஜுக்கு மேலே நான் போட்டிருந்த சாவி இருந்தது.

வெளியே இருந்து கதவை இழுத்தேன். நான்கு கதவையும் இழுத்தேன். பூட்டியிருந்தது.

"மாமா, கையில இருக்கற பொத்தான அமுக்குங்க!" என்று கத்தினேன். அமுக்குவது போல் கையால் செய்து காட்டினேன். அவர் அமுக்கினார். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் ஒன்றும் நடக்கவில்லை. கண்ணாடி இறக்கும் பொத்தானைக் காட்டினேன். அதுவும் வேலை செய்யவில்லை. ஹாரனை அமுக்கச் சொன்னேன். எட்டி அமுக்கினார். சத்தமே வரவில்லை. கைப்பிடியை இழுக்கச் சொன்னேன். அது எதிர்ப்பே இல்லாமல் அவர் கையோடு வந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு, சாவியை வைத்து என்னவோ அமுக்கியிருக்கிறார். டபுள் லாக் விழுந்திருக்கிறது. அதோடு பேட்டரியும் செத்திருக்கிறது.

என் கணவர் வழக்கமாக வண்டியைப் பழுதுபார்க்கக் கொடுத்துவந்த ஆட்டோ எலக்ட்ரீசியனின் எண் என் போனில் இருந்தது. கூப்பிட்டேன். கடை திருச்செங்கோட்டில்தான். விசயத்தைச் சொன்னதும் அவர் குரல் மாறிவிட்டது.

"சாவி எங்கீங்கக்கா இருக்குது?"

"உள்ளாரதானுங்க. அவரு கையில."

"செரிங்க. மொதல்ல ஒரு கண்ணாடிய ஒடச்சு உடுங்க. காத்து போகட்டும். அவரு இடதுபக்கம் முன்னால இருந்தா, வலதுபக்கம் பின்னால இருக்கற கண்ணாடி. நடுவுல அடிக்காதீங்க, மூலையில அடிங்க. ஆனா கைய உட்டுக் கதவத் தொறக்கப் பாக்காதீங்க, தொறக்காது. பூட்டு எப்படி நிக்கிதோ அப்படியேதான் நிக்கும். கரண்ட்டு வந்தாத்தான் மோட்டாரு திரும்பும். சாவிய வாங்கீருங்க. அதுக்குள்ளார சின்னதா இரும்புச் சாவி ஒண்ணு இருக்குது. டிரைவர் கதவு கைப்புடி ஓரத்துல ஒரு மூடி இருக்கும், அதப் பேத்தா ஓட்டை. அந்த ஒரு கதவுக்கு மட்டும் கரண்ட்டு வேண்டாம். நான் பேட்டரியத் தூக்கிட்டு இப்பவே வாரேன்."

எதிர்வீட்டு அக்கா தறிக்கூடத்துக்கு ஓடிப் பெரிய ஸ்பானரைக் கொண்டுவந்தார். மாமாவைப் பார்த்து முகத்தை மூடிக்கொள்ளும்படி கையால் காட்டினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அடித்தார். முதல் அடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த அடிக்குக் கண்ணாடி முழுவதும் கல் உப்பு மாதிரி உதிர்ந்து இருக்கையில் கொட்டியது. உள்ளே இருந்து வந்த அனல் என் முகத்தில் அடித்தது. அதற்குள்தான் அவர் இருந்திருக்கிறார்.

சன்னல் வழியாக இடுப்பு வரை உள்ளே நுழைந்தேன். "மாமா, சாவியக் குடுங்க."

அவர் சாவியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கண் என் மேல் இருந்தது, ஆனால் என்னைத் தெரியவில்லை.

"நீங்க யாருங்க?"

"நாந்தானுங்க மாமா. உங்க மருமக."

"சாவி குடுக்கக் கூடாதுங்க. எம் பையன் வண்டி இது. யாருகிட்டயும் குடுக்காதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்கறான்."

நாக்கு வறண்டு அவருக்கு வார்த்தை சரியாக வரவில்லை. இன்னும் எட்டிப் பிடுங்கப் பார்த்தேன். எட்டவில்லை. வெளியே நின்ற அக்கா, "தண்ணி, தண்ணி குடு மொதல்ல," என்று சொம்பை நீட்டினார். தண்ணீரை அவர் வாங்கிக் குடித்தார். சாவி இருந்த கை மட்டும் விரியவில்லை.

எத்தனையோ முறை சொன்ன பொய்தான். வருவார் என்பதை அன்று வந்துவிட்டார் என்று மாற்றிச் சொன்னேன்.

"அவருதானுங்க மாமா சாவி கேக்கறாரு. வந்துட்டாருங்க. வெளிய நிக்கறாரு. கதவத் தொறக்கோணுமாம்."

அவர் முகம் எப்படி மாறியது என்பதை இன்றைக்கும் என்னால் எழுத்தில் சொல்ல முடியாது. உடனே கையை நீட்டினார். "இந்தா, குடு அம்மிணி. வெயில்ல நிக்க வெக்காத," என்றார். அந்த நொடியில் என்னையும் அவருக்கு அடையாளம் தெரிந்தது.

இரும்புச் சாவியை உருவி, கைப்பிடி ஓரத்து மூடியைக் கத்தியால் நெம்பி எடுத்தேன். ஓட்டைக்குள் சாவி போனது, திரும்பவில்லை. வாங்கிய நாளில் இருந்து யாரும் பயன்படுத்தாத பூட்டு. அக்கா தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றினார். முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி, விரல் தோல் பிய்ந்து, கடைசியில் நறநறவென்று திரும்பியது. கதவு திறந்தது.

அந்த ஒரு கதவுதான் திறந்தது. மற்றவை அப்படியே இருந்தன. மாமாவை அந்தப் பக்கமாக இழுக்க வேண்டும் என்றால் கியருக்கு மேலே தூக்க வேண்டும். அவர் இடுப்பு அதைத் தாங்காது. "எலக்ட்ரீசியன் வரட்டும். காத்து வருது, தண்ணி இருக்குது. அசைக்காத," என்றார் அக்கா. ஈரத் துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஆம்புலன்சுக்குப் போன் செய்து, அதற்கு வழி காட்டச் சாலை முனைக்குப் போனார்.

நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். அதுவரை அந்த இடத்தில் நான் உட்கார்ந்ததில்லை. இருக்கை என் கணவர் உயரத்துக்குப் பின்னால் தள்ளியிருந்தது. என் கால் மிதிக்கட்டையைத் தொடவில்லை. மாமாவின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக் கழுத்திலும் மார்பிலும் ஈரத் துண்டைப் போட்டேன். அவர் என்னைத் தாண்டித் திறந்திருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அவன்?"

துண்டைப் பிழிந்து மறுபடி போட்டேன்.

"வெளிய நிக்கறான்னியே அம்மிணி. கூப்புடு."

வேலை முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். கடைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். பழகிய வார்த்தைகள் எல்லாம் வாயில் இருந்தன. ஆனால் மகன் வந்துவிட்டான் என்று கேட்டு அவர் கையை நீட்டியதைப் பார்த்த பிறகு அவற்றில் ஒன்றுகூட வரவில்லை.

"அவரு வர்லீங்க மாமா. செத்துப் போயிட்டாருங்க. பொய்தாஞ் சொன்னேன்."

அவர் மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. முன்னைப் போல் அலறவும் இல்லை. நான் சொன்னது காதில் விழுந்ததா என்றே சந்தேகமாக இருந்தது. முன்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொட்டகைச் சுவரைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

"அப்ப வண்டிய யாரு ஓட்டறது?"

எனக்கு அழுகை வெடித்துவிட்டது. கணவர் போனதில் இருந்து யார் முன்னாலும் நான் அப்படி அழுததில்லை. தலையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். மாமா தன் மேல் கிடந்த ஈரத் துண்டை எடுத்து என் முதுகில் போட்டார். போட்டுவிட்டுக் கையை அங்கேயே வைத்திருந்தார். "அழுவாத சாமி. அழுவாத. நானும் இங்கதான் இருக்கறேன்," என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. எனக்காக அழுதாரா, மகனுக்காக அழுதாரா தெரியாது.

எலக்ட்ரீசியன் பைக்கில் பேட்டரியைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பிடியை இழுக்கச் சொன்னார், என்ஜின் மேல்மூடி விடுபட்டது. சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர்களை மாட்டினார். டேஷ்போர்டில் விளக்குகள் எரிந்தன. "இப்ப அமுக்குங்கக்கா," என்றார். அமுக்கினேன். எல்லாக் கதவுகளிலும் ஒரே நேரத்தில் பூட்டு விலகும் சத்தம் கேட்டது. இரண்டு பேருமாக மாமாவைத் தாங்கி இறக்கினோம்.

"தெனமும் கதவத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருந்தாருன்னா, பேட்டரி கொஞ்சங் கொஞ்சமா எறங்கியிருக்கும். கடைசியா மிச்சமிருந்த கரண்ட்டு பூட்டறதுக்கு மட்டும் பத்தியிருக்குது, தொறக்கறதுக்குப் பத்தல," என்றார் எலக்ட்ரீசியன். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆம்புலன்சில் போகும்போது அந்த வார்த்தைகள் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தன.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சிறுநீரகம் கொஞ்சம் பாதித்திருக்கிறது, வயதும் ஆகிவிட்டது, கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்த பிறகு கொட்டகை வரை நடக்கும் தெம்பு அவருக்கு வரவில்லை. பகலெல்லாம் கட்டிலில் படுத்தபடி சன்னல் வழியாகக் காரைப் பார்த்துக்கொண்டிருப்பார். உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தேன். காற்றில் அது படபடக்கும்போதெல்லாம் யாரோ உள்ளிருந்து தட்டுவது போலக் கேட்டு எட்டிப் பார்ப்பேன்.

எலக்ட்ரீசியன் மூலமாகவே எடப்பாடியில் இருந்து காரை வாங்க ஆள் வந்தது. மாமா தூங்கும் நேரமாகப் பார்த்து வண்டியைக் கொடுத்தேன். கொட்டகையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. எழுந்ததும் என்ன சொல்வது என்று தெரியாமல் அடுப்படியில் நின்றேன்.

"அம்மிணி, காரு எங்க?"

நான் சொல்வதற்கு முன்னாலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. எழுந்து உட்காரப் பார்த்தார்.

"எடுத்துட்டுப் போயிட்டானா? வந்தானா அவன்?"

"ஆமாங்க மாமா," என்றேன். என்னை அறியாமலேயே வந்துவிட்டது.

"என்னைய எழுப்பக் கூடாதா?"

"நல்லாத் தூங்குனீங்க. எழுப்ப வேண்டாம்னு சொல்லீட்டாருங்க."

"வந்தவன் ஒரு வாய் சாப்புட்டுப் போகக் கூடாதா? எப்பப் பாத்தாலும் அவசரம்," என்று முணுமுணுத்தார். ஆனால் அந்தக் குரலில் நிம்மதி இருந்தது. மகன் வந்து போயிருக்கிறான். வண்டியை எடுத்திருக்கிறான். ஓட்டிக்கொண்டிருக்கிறான். அதற்குப் பிறகு அவர் என்னிடம் மகன் எப்போது வருவான் என்று கேட்கவே இல்லை. வருகிறவர்களிடம் எல்லாம், "பையன் வந்திருந்தான், நாந்தான் தூங்கிப்போட்டேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் காப்பி போட உள்ளே போய்விடுவேன்.

ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை அவர் போய்விட்டார். நான் காப்பியோடு போய் எழுப்பினேன், எழவில்லை. பங்காளி வீட்டுப் பையன் கொள்ளி வைத்தான். வந்த ஒறம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாம் திரும்பிப் போன பிறகு, வீட்டில் எனக்கு யாரிடமும் எந்தப் பொய்யும் சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் போனது. அது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

இப்போது கொட்டகையில் எதிர்வீட்டு அக்காவின் நூல் மூட்டைகள் கிடக்கின்றன. சாயங்காலம் நான் வேலையிலிருந்து வரும்போது தறியை நிறுத்திவிட்டு வந்து, சாப்பிட்டாயா என்று அவர் கேட்பார். சில நாள் அவர் வீட்டிலேயே சாப்பிடுவேன். சில நாள் சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன்.